பில் என்ட்ரியை மெஷினிடம் கொடுத்த பிறகும் மண்டை காயாமல் இருக்க: கணக்குப் பிரிவுக்கு ஒரு செய்முறை

கொள்முதல் பில்லை ஸ்கேன் செய்து போட்டால் போதும், சாஃப்ட்வேரே படித்து பர்ச்சேஸ் வவுச்சரும் (கொள்முதல் கணக்குப் பதிவு) போட்டுவிடும். இப்படி மாறிய அலுவலகங்களில் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு குரல் கேட்கும்: "வேலை குறைஞ்ச மாதிரிதான் சார் இருக்கு. ஆனா நாலு மணிக்கே தலை கனத்துப் போகுது." முதலாளி காதில் இது சாக்குப்போக்காக விழும், ஏனென்றால் திரையில் தெரியும் எண்ணிக்கை அவர் பக்கம் பேசுகிறது. ஆனால் சொல்பவர் சொல்வதும் பொய் இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நாளைக்கு 120 பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 84 சுலபமானவை. பழைய சப்ளையர், பிஓ (நாம் கொடுத்த கொள்முதல் ஆர்டர்) ரேட் சரி, சரக்கு அளவும் சரி. ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 168 நிமிடம். மீதி 36 வம்பு பிடித்தவை. ரேட் இடிக்கும், ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர் போடும் சீட்டு) வந்திருக்காது, பிஓ-வில் பேசாத லாரி வாடகை ஏறியிருக்கும். சப்ளையருக்கு போன் போட்டு, ஸ்டோரில் கேட்டு முடிக்க ஒன்றுக்கு 9 நிமிடம், ஆக 324. மொத்தம் 492 நிமிடம்.

இப்போது சாஃப்ட்வேர் அந்த 84-ஐயும் வாங்கிக்கொள்கிறது. 36 அப்படியே மேசையில் கிடக்கிறது. மெஷின் போட்டதை ஒரு பார்வை பார்க்க பில்லுக்கு அரை நிமிடம் என்று 42 நிமிடம் கூடுகிறது. மறு ஸ்கேன், க்யூவை (நிற்கும் பில் வரிசையை) திறந்து திறந்து பார்ப்பது என்று இன்னொரு 30. மொத்தம் 396. ஆள் கை படும் பில் 70 சதவீதம் குறைந்தது. நேரம் 20 சதவீதம்கூடக் குறையவில்லை.

நேரம் மட்டுமல்ல. அந்த 84 சுலப பில்தான் மூச்சு விடும் இடமாக இருந்தது. கை பாட்டுக்கு அடிக்கும், மூளை கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அவை போனதும் காலை முதல் மாலை வரை சிக்கல் பில் மட்டும். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே இதைச் சொல்லிவிட்டார்: எந்த வேலையை ஆட்டோமேட் செய்ய வடிவமைப்பாளருக்கு வழி தெரியவில்லையோ, அந்த மிச்சம்தான் மனிதன் தலையில் வந்து விழும். அவர் பேசியது ஆலைகளின் கன்ட்ரோல் ரூம் பற்றி. பில் மேசைக்கும் அது அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

ஆகவே முதல் விதி: ஆன் செய்த முதல் மூன்று மாதம் ஆளைக் குறைக்காதீர்கள், வேறு வேலையையும் தலையில் கட்டாதீர்கள். மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று உங்கள் பில்களை வைத்து அளந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

ஆன் செய்வதற்கு முன் இரண்டு வாரம்

ஒரு நோட்டு போடுங்கள். தடங்கல் வந்த ஒவ்வொரு பில்லுக்கும் காரணத்தை எழுதி ஒரு கோடு இழுத்தால் போதும்: ரேட், அளவு, ஜிஆர்என் இல்லை, ஜிஎஸ்டி எண், பில் நம்பர், டூப்ளிகேட், மற்றவை. இரண்டு வாரம் முடிந்ததும் எந்த மூன்று காரணம் முக்கால்வாசியைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அதில் ஒன்றாவது சாஃப்ட்வேர் தீர்க்கும் விஷயமாக இருக்காது. ஸ்டோரில் ஜிஆர்என் போடத் தாமதம் என்றால், உலகத்தின் சிறந்த ஓசிஆர் (பில் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் சாஃப்ட்வேர்) வாங்கினாலும் பில் நிற்கத்தான் செய்யும்.

அதே இரண்டு வாரத்தில் மூளைச்சுமையையும் அளந்து வையுங்கள். இதற்கு நாசா-டிஎல்எக்ஸ் என்ற கேள்வித்தாள் போதும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவாகி, சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லாண்ட் இருவர் பெயரில் 1988-ல் வெளியானது. ஆறே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை, ஐந்து ஐந்தாக ஏறும் அளவுகோல். அலுவலகத்தில் பேசுகிற தமிழில் இப்படிக் கேட்கலாம்:

1. எவ்வளவு யோசிக்க, தேட, ஞாபகம் வைக்க வேண்டியிருந்தது?
2. கண், கழுத்து, மணிக்கட்டு என்று உடம்புக்கு எவ்வளவு வேலை?
3. நேரம் எவ்வளவு நெருக்கியது?
4. எடுத்ததை எவ்வளவு சரியாக முடித்தீர்கள்? (0 கச்சிதம், 100 சொதப்பல்)
5. அந்த அளவுக்கு முடிக்க எவ்வளவு பாடுபட்டீர்கள்?
6. எரிச்சல், பதற்றம், சலிப்பு எவ்வளவு?

நாலாவது கேள்வியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். அதில் மட்டும் நல்லது இடது ஓரம், கெட்டது வலது ஓரம். "நான் நல்லாத்தான் செஞ்சேன்" என்று 90-ல் குறி வைப்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அடைப்புக்குறியில் உள்ளதைத் தடித்த எழுத்தில் அச்சடியுங்கள். மூலமுறையில் ஆறையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு 15 ஜோடிகள் வழியாக எடைபோடும் ஒரு படி உண்டு; அலுவலகத்துக்கு அது வேண்டாம். ஆறின் நேரடி சராசரியைப் பயன்படுத்துவதும் வழக்கத்தில் உள்ளதே.

பேப்பரில் கொடுங்கள். பெயருக்குப் பதில் அவரவர் விருப்பப்படி ஒரு குறி போதும். அதே குறியைக் கடைசிவரை பயன்படுத்தினால் ஒருவரின் முன்பின் நிலையை ஒப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்த கையோடு எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலை கேட்டால் தூங்கி எழுந்த மனம் எல்லாவற்றையும் 50 என்று சொல்லும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். ஒருவருக்கு 40 என்பது இன்னொருவருக்கு 65. ஆன் செய்த 2-வது, 6-வது, 12-வது வாரங்களில் மறுபடி எடுங்கள். சராசரி அசையாமலே இருக்கலாம். உள்ளே பாருங்கள்: நேர நெருக்கடி இறங்கி, யோசனையும் எரிச்சலும் ஏறியிருந்தால், மெஷின் சுமையைக் குறைக்கவில்லை, இடம் மாற்றி வைத்திருக்கிறது.

தேதி பார்த்து இறங்குங்கள்

7-ம் தேதி டிடிஎஸ், 11-ல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), 14-ல் ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வரும், 15-ல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-ல் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). மாதா மாதம் ரிட்டர்ன் போடும் அலுவலகத்தில் 21-ம் தேதிக்கு முன் யாருக்கும் புதுத் திரையைப் பழக மனமிருக்காது. விற்க வந்தவர் "ஒண்ணாம் தேதியே ஆரம்பிச்சிடலாம்" என்பார். 22-ஐச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரல் பக்கமே போகாதீர்கள்.

முதல் நான்கு வாரம் மெஷின் படிக்கட்டும், ஆனால் வவுச்சர் போட வேண்டாம். ஆள் வழக்கம்போல அடிப்பார். மாலையில் இரண்டையும் ஒப்பிட வேண்டியது சாஃப்ட்வேர் வேலை, ஆள் வேலை அல்ல. இந்த நிபந்தனையை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஒப்பிடும் எக்செல்லும் உங்கள் ஆள் தலையில்தான் விடியும். நான்கு வாரத்துக்குப் பிறகு எல்லா சப்ளையரையும் திறந்துவிடாமல், தவறே வராத பத்து பேரை மட்டும் தானாகப் போக விடுங்கள். வாரம் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பாதி பாரம் ஸ்கேனர் வாசலிலேயே குறையும்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் பயிற்சி வகுப்பு, யோகா வகுப்பு என்று செலவு செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆள் மேசைக்கு வரும் சிக்கல்களில் பலவும் உண்மையான சிக்கல்களே அல்ல. மோசமான பிரதியின் விளைவு.

300 டிபிஐ-யில், கிரே ஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் ஃபைல் சின்னதாகும், ஆனால் டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்டும் கார்பன் பிரதியும் பாதி அழிந்துபோகும். ரவுண்ட் சீல் தொகையின் மேல் விழுந்தால் ஓசிஆர் கதை முடிந்தது. செக்யூரிட்டியிலும் ஸ்டோரிலும் சீல் குத்த பில்லின் பின்பக்கத்தையோ இடது கீழ் மூலையையோ ஒதுக்கிக் கொடுங்கள். காசில்லாத தீர்வு இது. செல்போனில் எடுத்த வாட்ஸ்அப் போட்டோவை ஏற்காதீர்கள். வாட்ஸ்அப்பிலேயே வந்தாலும் பிடிஎஃப்-ஆக வரட்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில் இ-இன்வாய்ஸாக (அரசு போர்ட்டலில் பதிவு செய்த பில்லாக) இருக்க வேண்டும். அதன் க்யூஆர் கட்டத்துக்குள் இரு தரப்பு ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, மொத்தத் தொகை, எத்தனை ஐட்டம், முக்கிய எச்எஸ்என் (சரக்கு வகை) குறியீடு, ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கின்றன. க்யூஆர் இருந்தால் இந்த விவரங்களை எழுத்தைப் படித்து ஊகிக்காமல் அதிலிருந்தே எடுக்கும்படி செட் செய்யுங்கள். ஐட்டம் வாரியான ரேட் அதில் இருக்காது. அதற்கு மட்டும் ஓசிஆர்.

க்யூஆர் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி எண்தான் தினசரித் தலைவலி. சைபரும் ஓ-வும், 5-ம் எஸ்-ம், 8-ம் பி-யும், 2-ம் இசட்-டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் இந்த 15 இடத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: முதல் 2 மாநில எண் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 பான் நம்பர், அதிலும் 5 எழுத்து, 4 எண், 1 எழுத்து என்ற வரிசை, கடைசி இடம் முழு எண்ணும் சரியா என்று சோதிக்கும் இலக்கம். எழுத்து வர வேண்டிய இடத்தில் 8 வந்தால் அது பி. இந்தத் திருத்தத்தை மெஷினே செய்து, கடைசி இலக்கத்தை வைத்துச் சரிபார்த்து, சப்ளையர் மாஸ்டரோடும் (சாஃப்ட்வேரில் உள்ள சப்ளையர் விவரப் பட்டியல்) ஒப்பிட்டுவிட வேண்டும். இதற்காக ஒரு மனிதரைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார வைப்பது அநியாயம்.

பில் நம்பரை இரண்டு வடிவத்தில் வையுங்கள்: பில்லில் உள்ளபடி ஒன்று, கோடு, சாய்கோடு, முன் சைபர் எல்லாம் நீக்கி ஒப்பிட மட்டும் ஒன்று. இல்லையென்றால் 0147-ம் 147-ம் வேறு வேறு பில்லாகி, 14-ம் தேதி 2பி ஒப்பிடும்போது சிவப்பாக நிற்கும். லாரிக்காரர் பிரதியும் ஒரிஜினலும் இரண்டு முறை ஏறுவதையும் இதே நம்பர்தான் தடுக்கும். ரவுண்ட் ஆஃப் வித்தியாசம் 1 ரூபாய்க்குள் இருந்தால் கேட்காமல் ரவுண்ட் ஆஃப் கணக்கில் தள்ளச் சொல்லுங்கள். 40 காசுக்காக ஒரு ஆளின் கவனத்தைக் கூப்பிடக் கூடாது.

கையால் எழுதிய தமிழ் பில், காய்கறிக்கடைத் துண்டுச்சீட்டு, காம்போசிஷன் (பில்லில் வரியைத் தனியாகக் காட்டாத சிறு) வியாபாரியின் பில் ஆகியவற்றை ஸ்கேனருக்கே அனுப்பாதீர்கள். தனி ட்ரேயில் போட்டு நேரே கையால் அடியுங்கள். மெஷின் ஒரு முறை தோற்று, பிறகு ஆள் அதன் தோல்வியைத் திருத்துவதைவிட இதற்கு நேரம் குறைவு. அந்த ட்ரேதான் கை பாட்டுக்கு அடிக்கும் வேலையாகவும் உதவும் என்பது கூடுதல் லாபம்.

நிற்கும் பில்லை எப்படிக் காட்ட வேண்டும்

"பிழை: சரிபார்ப்பு தோல்வி" என்று காட்டும் திரையில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு பில்லும் துப்பறியும் கதை. காரணம் அவர் பேசும் பாஷையிலேயே இருக்க வேண்டும்: "பிஓ ரேட் 412, பில் ரேட் 418, வித்தியாசம் 6 ரூபாய், 50 கிலோவுக்கு 300 ரூபாய்." பில் படம் இடப்பக்கம், என்ட்ரி வலப்பக்கம், சந்தேகமான கட்டம் மட்டும் மஞ்சள். இரண்டு விண்டோ மாற்றி மாற்றிப் பார்க்கும்போது நடுவில் எண்ணை ஞாபகம் வைத்திருப்பதே கண்ணுக்குத் தெரியாத பெரிய சுமை.

வரும் வரிசையில் பில்லைக் கொடுக்காதீர்கள். ரேட் பிரச்சினை, ஜிஆர்என் பிரச்சினை, மறுபடி ரேட் என்று தாவும்போது ஒவ்வொரு தாவலுக்கும் மூளை புதிதாக ஸ்டார்ட் ஆக வேண்டும். முதலில் காரணவாரி, அதற்குள் சப்ளையர்வாரி. ஒரே சப்ளையரின் நான்கு பில்லுக்கு ஒரே போன். இன்றே பணம் போக வேண்டிய பில் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே மேலே நிற்கலாம்.

நேரத்தையும் கட்டி வையுங்கள்: 10.30 முதல் 12, மாலை 3 முதல் 4.30. சிக்கல் பில் அந்த மூன்று மணி நேரத்தில்தான். தொடர்ந்து ஒன்றரை மணிக்கு மேல் கொடுத்தால் கடைசி அரை மணியில் தீர்த்தவற்றில் சில மறுநாள் திரும்பி வரலாம். நடுவில் ஃபைலிங், ரசீது, அந்தக் கைச்சீட்டு ட்ரே. மேலே போட்ட கணக்கின்படி நாளைக்கு 324 நிமிட சிக்கல் பில் இரண்டு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு 162 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரே ஆளிடம் கொடுத்தால் அடங்காது.

'ஓகே' பட்டனை நம்பாதீர்கள்

மெஷின் போட்ட 84 பில்லையும் ஒருவர் பார்த்து ஓகே கொடுக்க வேண்டும் என்பது பல அலுவலகங்களின் ஏற்பாடு. பாதுகாப்பு போலத் தெரியும். உண்மையில் அது பழியை ஏற்றிவைக்க ஓர் ஆள் தேடும் ஏற்பாடு. நூறில் 99 சரியாக வரும்போது கண் நாலாம் நாளே பார்ப்பதை நிறுத்திவிடும், விரல் மட்டும் அமுக்கும். சோம்பலால் அல்ல. ராடார் பார்ப்பவர்களுக்காக நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் கடிகாரம் போன்ற ஒரு கருவியில் முள் எப்போதாவது இரண்டு கட்டம் தாவுவதைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சோதித்தார். 1948-ல் முடிவை வெளியிட்டார். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது.

எல்லாவற்றையும் பார்ப்பதற்குப் பதில் இவற்றை மட்டும் முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள்: புது சப்ளையரின் முதல் மூன்று பில், நீங்கள் வைத்த தொகை வரம்புக்கு மேல் உள்ளவை, குலுக்கி எடுத்த 5 சதவீதம். வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தால் எந்த நிலையிலும் தானாகப் போகக் கூடாது. பில்லில் அச்சிட்ட நம்பருக்கு அல்ல, மாஸ்டரில் பழையதாக இருக்கும் நம்பருக்கு போன் செய்து கேட்க வேண்டும்.

கவனம் விழித்திருக்க, வாரம் இரண்டு மூன்று தவறான பில்லை வேண்டுமென்றே க்யூவில் விடலாம். அப்படி விடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவறவிட்டவரைத் திட்டினால் மறுவாரமே ஆள் எல்லா பில்லையும் சந்தேகப்பட்டு நிறுத்தத் தொடங்குவார். வவுச்சர் ஆவதற்கு முன்னுள்ள க்யூவில் மட்டும் விட்டு, அன்றே எடுத்துவிடுங்கள். புத்தகத்தில் ஏறிவிட்டால் எடிட் லாகில் (மாற்றங்களின் பதிவேட்டில்) நின்று, ஆடிட்டர் கேட்பார்.

அந்த லாகை வைத்தே இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாக வேண்டும். மெஷினுக்குத் தனி யூசர் ஐடி கொடுங்கள். ஊழியரின் லாகினிலேயே ஓட விட்டால் அது போட்ட தப்பு அவர் பெயரில் நிற்கும். அந்த பயத்தில் அவர் வீட்டுக்குப் போயும் பில்லை நினைத்துக்கொண்டிருப்பார். யார் பொறுப்பு என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: குலுக்கலில் வராமல் தானாகப் போன பில்லில் தப்பு என்றால் விதியை செட் செய்தவர் பொறுப்பு, மேசையில் இருப்பவர் அல்ல.

ஜிஎஸ்டி போர்ட்டலில் 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ்-உம் (சப்ளையர் பதிந்த பில்லை ஏற்கவோ மறுக்கவோ உதவும் திரை) இதே ரகம்தான். ஏற்பு, நிராகரிப்பு, நிலுவை என்று மூன்று பட்டன்; எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா வரியையும் கிளிக் செய்ய ஆளை உட்கார வைக்க வேண்டாம். ஒப்பிட்டதில் ஒட்டாதவற்றை மட்டும் பிரித்துக் கொடுங்கள், 14-க்கு முன்.

மணி அடிப்பதைக் குறையுங்கள்

1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது, அதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஆலைகளில் பரவிய அளவுகோல்: சாதாரண நேரத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம். பில் மேசையில் எதுவும் வெடிக்காது, ஆகவே அதற்கும் குறைவாகவே போதும். பேமென்ட் நின்றால் மட்டும் சத்தம். மற்றதெல்லாம் 10.25-க்கும் 2.55-க்கும் ஒரே மெயிலில். "42 பில் வெற்றிகரமாகப் பதிவானது" போன்ற வாழ்த்துகளை அடியோடு நிறுத்துங்கள். கையால் எதுவும் செய்ய வேண்டியிராத செய்தி அலாரமே அல்ல. முதலாளி இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் பிழைப் பட்டியல் தானாக விழும்படி செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை.

ஆறாவது வாரத்தில் தேடவேண்டியது

யாராவது தனியாக ஒரு எக்செல் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அநேகமாக வைத்திருப்பார். தடை போடாமல், காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள காலம்கள்தான் (நெடுவரிசைகள்) உங்கள் திரையில் இல்லாத காலம்கள். "யாரிடம் பேசினேன்", "திங்கள் சொல்றேன்னார்" என்று இரண்டு காலம் இருந்தால், பில்லோடு குறிப்பு எழுத இடமும் நினைவூட்டும் தேதியும் திரையில் இல்லை என்று அர்த்தம். அதைச் சேர்த்ததும் எக்செல் தானாக மறையும், அவர் மனசில் தூக்கிக்கொண்டு திரிந்த முப்பது ஞாபகமும் இறங்கும்.

மாதம் ஒரு அரைநாள், ஆளுக்கு 15 பில்லை மெஷின் இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் இரண்டு வாரம் கையால் மட்டும். எது சரி என்று கைக்குத் தெரியாதவருக்கு எது தப்பு என்று கண்ணுக்குத் தெரியாது. சர்வர் 19-ம் தேதி மதியம்தான் படுக்கும். அதற்காக ஒரு தாளை லேமினேட் செய்து ஸ்கேனர் பக்கத்தில் ஒட்டுங்கள்: எத்தனை மணிக்குள் வராவிட்டால் கையால் அடிக்க ஆரம்பிப்பது (ஒரு மணி நேரம் போதும்), எந்த வவுச்சர் டைப், எந்த நம்பர் வரிசை, பாதி ஏறிய பில்லை எப்படி அடையாளம் காண்பது, மெஷின் திரும்பியதும் அந்த பில்கள் இரண்டாம் முறை ஏறாமல் க்யூவிலிருந்து யார் நீக்குவது. கடைசி வரியில் ஒரு பெயர் இருக்க வேண்டும், பதவி அல்ல.